வயதான நாயும் கார்பெட் கழுவும் இயந்திரமும்: மூன்றாண்டு அனுபவம்

பொம்மியை நாங்கள் தத்தெடுத்தது 2022 ஏப்ரலில். அப்போதே அவளுக்கு 8 வயது. கனடாவின் மிசிசாகா நகரில் எங்கள் வீட்டு மாடி முழுவதும், படிக்கட்டு உட்பட, சுவருக்குச் சுவர் கார்பெட். வந்த சில வாரங்களிலேயே அவள் படுத்து எழுந்த இடங்களில் ஈரம் தட்டுப்பட்டது. கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "நம் வீட்டுச் சிமெண்டுத் தரையாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடலாம். இதை எப்படியப்பா கழுவுவது?" என்று கேட்டார். அதற்கு விடை தேடி இதுவரை இரண்டு இயந்திரங்கள் வாங்கியிருக்கிறேன். ஒன்றைக் கெடுத்து, பழுதுபார்த்தும் இருக்கிறேன். நாயோ பூனையோ வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் வாங்கியது, வேக்குவம் கிளீனர் போல நிமிர்ந்து நிற்கும் பெரிய இயந்திரம். கிட்டத்தட்ட 300 டாலர். இதைப் பலர் நீராவி இயந்திரம் என்று சொல்கிறார்கள். உண்மையில் நீராவி எதுவும் இதில் இல்லை. ஒரு தொட்டியிலிருந்து சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சும், உருளைத் தூரிகை தேய்க்கும், பிறகு அந்த ஈரத்தை உறிஞ்சி இன்னொரு தொட்டியில் சேர்க்கும். முதல் நாள் அழுக்குத் தொட்டியில் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் தண்ணீர் நிரம்பியதைப் பார்த்து, பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினேன். இரண்டு நாளில் அதே இடத்தில் கறை மறுபடி தெரிந்தது. ஜூலைப் புழுக்கத்தில் அறைக் கதவைத் திறந்தாலே மூத்திர வீச்சம் முகத்தில் அடித்தது.

ஒரு சனிக்கிழமை, அறை மூலையில் கார்பெட்டைக் குறட்டால் பிடித்து உரித்துப் பார்த்தேன். மேலே உள்ளங்கை அளவுக்குத்தான் கறை. அடியிலிருந்த பஞ்சு விரிப்பில் அதுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவி, பழுப்பு விளிம்போடு காய்ந்திருந்தது. அதற்கும் கீழே பிளைவுட் பலகையில் மங்கலாக இன்னொரு வட்டம். இத்தனை நாளும் நான் கழுவியது மேல் இழையை மட்டுமே. அதிலும் மோசம், நான் ஊற்றிய தண்ணீர் அடியில் காய்ந்திருந்ததை ஊறவைத்துவிட்டது. மேல்பக்கம் உலர உலர, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழைகள் அந்தக் கறையை மேலே இழுத்துக்கொண்டன. சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் காய்ந்தால் படிகமாகிவிடும். அது தண்ணீரில் எளிதில் கரையாது, சோப்புக்கும் அசையாது. காற்றில் ஈரப்பதம் ஏறும்போதெல்லாம் வீச்சம் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம்.

அன்றிலிருந்து வேலையின் வரிசையை மாற்றினேன். ஈரம் கண்ணில் பட்டவுடன் பழைய பருத்தித் துண்டை நான்காக மடித்து வைத்து, அதன்மேல் ஏறி நின்று ஒற்றி எடுக்கிறேன். தேய்ப்பதே இல்லை, தேய்த்தால் பரவும், இழையும் பிரியும். துண்டு ஈரம் வாங்காமல் வரும்வரை மடிப்பை மாற்றி மாற்றி ஒற்ற வேண்டும். பிறகு, சிறுநீர்க் கறையைச் சிதைப்பதற்காகச் செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி (என்சைம்) கரைசல். மேலே தெளித்தால் போதாது, சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் கரைசலும் போகும்படி ஊற்ற வேண்டும். நொதி ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும் என்பதால் அதன்மேல் ஒரு பாலிதீன் தாளைப் போட்டு, பழைய கறையென்றால் இரவு முழுக்க விட்டுவிடுகிறேன். இயந்திரம் வருவது இதற்கெல்லாம் பிறகு, மறுநாள். அப்போதும் சோப்பு கலக்காமல் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர்தான். கொதிக்கும் தண்ணீரும் நீராவியும் சிறுநீர்க் கறைக்கு ஆகாது. சூட்டில் புரதம் இழையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அமோனியா கலந்த திரவங்களையும் தொடாதீர்கள். அந்த வாடை நாய்க்குச் சிறுநீர் போலவே படும், மீண்டும் அதே இடத்தைத் தேடிப் போகும்.

சிறிய இயந்திரத்தை வாங்கியது 2023 கோடையில். கைப்பிடியோடு பெட்டி போல இருக்கும், எடை நான்கைந்து கிலோ, ஒரு குழாய், அதன் முனையில் உள்ளங்கை அகலத்தில் தூரிகை வைத்த வாய். சுமார் 150 டாலர். அதன் அருமை அந்த நவம்பரில்தான் முழுதாகத் தெரிந்தது. பொம்மிக்கு வயிற்றுப்போக்கு. இரவு 2 மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வர முயன்று, படிக்கட்டில் நான்கு படிகள் நனைந்துவிட்டன. அவள் கீழே நின்று வாலை ஒடுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய இயந்திரத்தைப் படிகளில் நிறுத்தவே முடியாது. இதற்கென்றே ஒதுக்கியிருந்த பழைய தோசைத் திருப்பியால் கெட்டியானதை எல்லாம் வழித்து எடுத்தேன். அதை ஒருபோதும் இயந்திரம் உறிஞ்சட்டும் என்று விடக் கூடாது, குழாய்க்குள் ஒட்டினால் பிறகு ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வீடே நாறும். பின்பு படிக்குப் படி பீய்ச்சி, உறிஞ்சி, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அழுக்குத் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போலத் தெளிந்து வந்ததும் நிறுத்தினேன். இந்த அளவுகோலையே இன்றுவரை வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? பீய்ச்சும் வேகத்தைப் பற்றியும் தூரிகைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பார்கள். ஊற்றிய தண்ணீரில் எவ்வளவைத் திரும்ப எடுக்கிறது என்பதுதான் முக்கியம். வீட்டிலேயே அளந்து பார்த்தேன். பெரிய இயந்திரத்தில் ஒரு லிட்டர் ஊற்றி ஓட்டினால் முதல் சுற்றில் ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் திரும்பி வந்தது. பீய்ச்சும் பொத்தானை அழுத்தாமல், உறிஞ்சுவதற்காக மட்டும் அதே இடத்தில் மெதுவாக மூன்று முறை இழுத்ததும் இன்னும் 150 கிடைத்தது. உள்ளே தங்கும் ஒவ்வொரு துளியும் அடிப்பஞ்சுக்குத்தான் போகிறது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதனால் தண்ணீர் பீய்ச்சாமல் உறிஞ்ச மட்டும் இழுக்கும் சுற்றுகளுக்குச் சோம்பல் படக் கூடாது. முடிந்ததும் மின்விசிறியையும் தரை மட்டத்தில் வைத்து ஓட்டுகிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் டால்டனில் உள்ள, கார்பெட் தயாரிப்பாளர்களின் சங்கமான கார்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிடியூட் இத்தகைய இயந்திரங்களைச் சோதித்து ஒப்புதல் முத்திரை தருகிறது. அழுக்கை எடுக்கும் திறனோடு, ஈரத்தைத் திரும்ப எடுக்கும் திறனையும் இழை கெடாமல் இருக்கிறதா என்பதையும் அங்கே பார்க்கிறார்கள். விளம்பர வாசகத்தைவிட அந்த முத்திரையை நம்பலாம்.

தண்ணீரைச் சூடாக்கும் வசதிக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. இங்கே சுவர்ப் பிளக்கில் வருவது 120 வோல்ட், 15 ஆம்பியர். அந்த வரம்புக்குள்தான் மோட்டாரும் தூரிகையும் சூடேற்றியும் பங்குபோட வேண்டும். குழாயில் வரும் வெந்நீர் சீக்கிரம் ஆறாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அழுக்குத் தொட்டியின் வாய் மட்டும் கை நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். என் பெரிய இயந்திரத்தின் தொட்டியில் என் மனைவியின் கை மட்டும்தான் போகும். நாய் முடியும் சோப்பு நுரையும் சேர்ந்து மூலையில் பாசி போலப் படிவதைக் குச்சியில் துணி சுற்றித்தான் எடுக்கிறேன். கழுவுவதற்கு முன்னால் சாதாரண வேக்குவம் கிளீனரால் முடியை நன்றாக எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

பெரிய இயந்திரம் கெட்டது 2024 ஜனவரியில். கடைசியாகப் பயன்படுத்திவிட்டு, உள்ளே இருந்த தண்ணீரை வடிக்காமல் கராஜில் வைத்துவிட்டேன். குளிரில் தண்ணீர் உறைந்து பம்பு விரிசல் விட்டது. அடுத்த முறை போட்டதும் அடியிலிருந்து ஒழுகியது. பம்பு மாற்ற 70 டாலருக்கு மேல் ஆனது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் இதை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரவேற்பறையில் இருந்த சணல் முதுகு வைத்த சிவப்பு விரிப்பில் ஒரு முறை இதை ஓட்டிவிட்டேன். சாயம் வெள்ளைப் பூக்களில் இறங்கிவிட்டது. கம்பளி, பட்டு, சணல் கலந்த விரிப்புகளை அதற்கென உள்ள சலவைக்காரர்களிடமே கொடுங்கள்.

இன்று புதிதாக வாங்குவதென்றால் சிறியதை மட்டுமே வாங்குவேன். பெரியதை ஆண்டுக்கு மூன்று முறைகூட எடுப்பதில்லை. அதற்குப் பல்பொருள் அங்காடிகளிலும் வீட்டுச் சாமான் கடைகளிலும் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரமே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல நொதிக் கரைசலும் ஒரு புற ஊதா டார்ச்சும் வாங்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அந்த டார்ச்சை அடித்தபோது, மாடியில் கண்ணுக்குத் தெரியாத 11 இடங்கள் வெளிர் மஞ்சளாகத் துலங்கின. மிக மோசமான மூலையில் மட்டும் அடிப்பஞ்சை வெட்டி எடுத்து மாற்றினோம். பலகைக்கு வாடை அடைக்கும் பூச்சு அடித்தோம். எந்த இயந்திரத்தாலும் அதைத் தவிர்த்திருக்க முடியாது.

பொம்மியை மருத்துவரிடம் இன்னும் சீக்கிரம் அழைத்துப் போயிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வயதாகும்போது சிறுநீர்ப் பை வாய் தளர்ந்து, தூக்கத்தில் அவர்களை அறியாமலே ஒழுகுவது பரவலானது என்று அவர் விளக்கினார். வேண்டுமென்றே செய்கிறாளோ என்று ஓரிரு முறை அவளை அதட்டியிருக்கிறேன். மாத்திரை தொடங்கிய பிறகு வாரத்துக்கு மூன்று நான்கு முறை என்றிருந்தது மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டது. இப்போது அவள் படுக்கைக்கு அடியில் நீர் புகாத விரிப்பு இருக்கிறது. சிறிய இயந்திரம் குளியலறைக் கதவுக்குப் பின்னால், தொட்டிகள் திறந்து காய்ந்தபடி நிற்கிறது.