படகோனியாவில் வாடகைக் கார்: ‘முழுக் காப்பீடு’ என்ற வார்த்தையை நம்பி 1,860 டாலர் போனது

1,860 டாலர். நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அர்ஜென்டினாவின் தெற்கே, படகோனியா பகுதியில் இருக்கும் எல் கலஃபாத்தே ஊரில் ஒரு கார் வாடகைக் கடையில் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எங்கள் கடன் அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பணத்தை எடுத்த கடைக்காரர், காரைப் பதிவு செய்து காப்பீடு வாங்கிய இணையதளத்தைக் கேள் என்கிறார், இணையதளம் கடைக்காரரைக் கேள் என்கிறது. இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்த பிறகு பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன். படகோனியாவுக்குச் சாலைப் பயணம் திட்டமிடுகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இணையதளத்தின் பெயரைப் போட வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி தடுக்கிறான். அதனால் வகையை மட்டும் சொல்கிறேன். பல வாடகை நிறுவனங்களின் விலைகளை வரிசையாகக் காட்டி, கமிஷன் வைத்துப் பதிவு செய்து தரும் இடைத்தரகுத் தளம். பணம் கட்டும் பக்கத்தில் ‘முழுக் காப்பீடு’ என்று பச்சை நிறத்தில் ஒரு பெட்டி வரும். அதை டிக் செய்தால் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வாடகையோடு சேர்ந்துகொள்ளும்.

நாங்கள் போக நினைத்த இடம் பெரிட்டோ மொரேனோ தேசியப் பூங்கா. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் பணம் போனதே இதில்தான். எல் கலஃபாத்தே இருக்கும் சாந்தா குரூஸ் மாகாணத்தில் இந்தப் பெயரில் மூன்று இடங்கள் இருக்கின்றன. எல்லாரும் படம் எடுத்துப் போடும் பெரிட்டோ மொரேனோ பனியாறு ஒன்று. அது எல் கலஃபாத்தேயிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், லாஸ் கிளாசியாரெஸ் என்ற வேறொரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வழி முழுக்கத் தார்ச்சாலை. இரண்டாவது, மாகாணத்தின் வடக்கே உள்ள பெரிட்டோ மொரேனோ என்ற ஊர். மூன்றாவதுதான் நாங்கள் போன தேசியப் பூங்கா. 1937-லேயே அறிவிக்கப்பட்டது, ஆனால் இன்றும் மிகக் குறைவான ஆட்களே போகிறார்கள். பூங்காவுக்குள் கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது. கடைசியாகப் பெட்ரோல் போடும் ஊர் கோபர்னதோர் கிரெகோரெஸ். அங்கிருந்து பூங்கா ஏறக்குறைய 220 கிலோமீட்டர். அதில் கடைசி 90 கிலோமீட்டர், மாகாணச் சாலை 37, முழுக்கச் சரளை. அந்த ஊர்க்காரர்கள் ரிப்பியோ என்பார்கள்.

கிரெகோரெஸ் போவதற்கு முன்பே ஒரு சோதனை உண்டு. தேசிய நெடுஞ்சாலை 40-இல் திரெஸ் லாகோஸைத் தாண்டியதும் 73 கிலோமீட்டர் தார் போடாத துண்டு. ‘சபிக்கப்பட்ட 73’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் களிமண் வழுக்கும், காய்ந்தால் கல் பறக்கும். இதெல்லாம் தெரிந்துதான் திட்டம் போட்டோம். என் கணவர் மாதக்கணக்கில் வரைபடத்தைப் பார்த்து எங்கே பெட்ரோல், எங்கே தங்கல், எங்கே கைப்பேசி சிக்னல் இல்லை என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தார்.

அதனால்தான் பணம் கட்டும் முன்பு அந்தத் தளத்தின் அரட்டைச் சேவையில் கேட்டோம். வாயால் கேட்கவில்லை, எழுத்தில். “எல் கலஃபாத்தேயில் கார் எடுத்து, நெடுஞ்சாலை 40 வழியாக கிரெகோரெஸ், அங்கிருந்து மாகாணச் சாலை 37-இல் பெரிட்டோ மொரேனோ தேசியப் பூங்கா போகிறோம். தார் இல்லாத சாலை. கண்ணாடி, டயர், காற்றால் வரும் சேதம் எல்லாம் முழுக் காப்பீட்டில் அடங்குமா?” கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “ஆமாம் மேடம், பெரிட்டோ மொரேனோ தாராளமாகப் போகலாம். முழுக் காப்பீடு எடுத்தால் நீங்கள் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியிருக்காது. நிம்மதியாகப் போய்வாருங்கள்.” எங்கள் பெயர் சொல்லி, பயணத் தேதி சொல்லி, குழந்தை இருக்கை வேண்டுமா என்றுகூட விசாரித்தார் அந்தப் பெண். அவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? அப்போதே பெட்டியை டிக் செய்து பணம் கட்டினோம். அந்த உரையாடலைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், அது ஒன்றுதான் இப்போது என் கையில் இருக்கும் ஆயுதம்.

கடையில் கார் எடுக்கும்போது ஒரு பெரிய தொகையை அட்டையில் பிடித்து வைத்தார்கள். “எங்களிடம் முழுக் காப்பீடு இருக்கிறதே?” என்றோம். “அது அந்தத் தளத்தோடு, இது வழக்கமான நடைமுறை, திரும்பி வந்ததும் விடுவித்துவிடுவோம்” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார்கள். ஒப்பந்தம் முழுக்க ஸ்பானிய மொழியில். ஆங்கிலப் படி கேட்டோம், இல்லை என்றார்கள். பின்னால் வேறு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவசரப்படுத்தினார்கள். ஆளில்லாத சாலை என்பதால் இரண்டு உபரிச் சக்கரம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஒன்றுதான் வைத்திருந்தார்கள். இன்னொன்று கேட்டதற்கு ஸ்டாக் இல்லை.

பூங்காவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பெல்கிரானோ ஏரியின் நீலத்தை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. வழியெல்லாம் குவானகோ என்ற ஒட்டக இனக் காட்டு விலங்குகளின் கூட்டங்கள், தலைக்கு மேலே காண்டோர் கழுகு. வனக்காவலர்கள் பதிவேட்டில் எங்கள் பெயரை எழுதி, எந்தப் பாதையில் காற்று மோசம் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்கள். பயணம் முழுக்க எங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

சேதம் இரண்டு இடத்தில் நடந்தது. போகும்போது அந்த 73 கிலோமீட்டரில் எதிரே வந்த லாரி தெறிக்கவிட்ட கல் முன்கண்ணாடியில் பட்டு விரிசல் விட்டது. திரும்பும்போது 37-ஆம் சாலையில் டயரில் ஏதோ சத்தம் கேட்டு நிறுத்தினோம். நாங்கள் கிழக்கே வருகிறோம், காற்று மேற்கிலிருந்து, காரின் பின்பக்கமாக அடிக்கிறது. கணவர் கதவைக் கொஞ்சம்தான் திறந்தார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் திறந்தார். காற்று கதவை அப்படியே பிடுங்கி முன்னால் மடக்கிவிட்டது. கீல் வளைந்துவிட்டது. சாந்தா குரூஸில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி காற்று அடிப்பது அதிசயமே இல்லை. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிரெகோரெஸ் வந்து சேர்ந்தோம். யாருக்கும் அடிபடவில்லை, காப்பீடுதான் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

கலஃபாத்தே கடையில் கணக்குப் போட்டார்கள். கண்ணாடி 520. கதவும் கீலும் 940. கார் பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை நஷ்டம் 400. மொத்தம் 1,860 டாலர். பட்டறை பில் எங்கே? “வேலை முடிந்ததும் அனுப்புவோம்.” கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டுதான் கிடைத்தது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது. “காப்பீடு எடுத்த தளத்தில் கேளுங்கள், அப்படியே திரும்பக் கொடுத்துவிடுவார்கள்” என்று தைரியம் வேறு சொன்னார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. தளத்தில் முதலில் பேசியது இயந்திரம். மனிதர் வேண்டும் என்று திரும்பத் திரும்பத் தட்டியதும் ஒருவர் வந்து, கோரிக்கை எண் கொடுத்து, படிவம் அனுப்பினார். ஒப்பந்தம், புகைப்படங்கள், பட்டறையின் அசல் பில், போலீஸ் அறிக்கை எல்லாம் வேண்டுமாம். லாரி தெறித்த கல்லுக்கும் காற்றுக்கும் போலீஸ் அறிக்கையா? ஆமாம், விதி அப்படி. அந்த விதியைக் காரை எடுக்கும் முன் யாராவது சொன்னார்களா? அதற்குப் பதில் இல்லை. பட்டறை பில்லுக்காகக் கடைக்கு எழுதினால், “கோரிக்கையைத் தளம் கையாளும்” என்று ஒரு வரி. அதைத் தளத்துக்கு அனுப்பினால், “ஆவணங்கள் முழுமையாக இல்லாததால் கோரிக்கை மூடப்பட்டது.” நான் மூடச் சொல்லவில்லை என்று எழுதினால் புதிய எண், புதிய ஆள், முதலிலிருந்து கதை.

இன்று காலை வந்ததுதான் உச்சம். அரட்டைப் படத்தை அனுப்பி, உங்கள் ஊழியரே எழுத்தில் உறுதி தந்திருக்கிறார் என்று கேட்டிருந்தேன். பதில்: “எங்கள் பிரதிநிதி பெரிட்டோ மொரேனோ பனியாற்றைக் குறிப்பிட்டிருந்தார். அங்கே செல்லும் சாலை தார்ச்சாலை. நீங்கள் தார் போடாத சாலையில் சென்றதால் காப்பீடு பொருந்தாது.” நான் சாலை எண் 37 என்று எழுதியிருக்கிறேன். கிரெகோரெஸ் என்று எழுதியிருக்கிறேன். தார் இல்லாத சாலை என்று அதே வாக்கியத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பனியாற்றுக்குப் போக கிரெகோரெஸ் எதற்கு? நேர் எதிர்த் திசை! அதைப் படித்துவிட்டுத்தானே ஆமாம் என்றார்கள்? காப்பீட்டுப் பணத்தை வாங்கும்போது எந்தச் சாலை என்று கவலை இல்லை, கொடுக்கும்போது மட்டும் வரைபடம் தெரிகிறது. கடைசியில் ‘நல்லெண்ணத்தின் அடையாளமாக’ அடுத்த பதிவுக்கு 25 டாலர் தள்ளுபடிக் கூப்பன். 1,860 டாலரைப் பறிகொடுத்தவளுக்கு 25 டாலர் கூப்பன், அதுவும் மறுபடி அவர்களிடமே கார் எடுத்தால்!

வங்கியிலும் முறையிட்டிருக்கிறோம். கவுண்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொகை என்பதால் மோசடி என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆவணம் கொடுத்தால் பரிசீலிக்கிறோம் என்கிறார்கள். அர்ஜென்டினாவில் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, அங்கே புகார் எழுதத் தம்பி ஸ்பானிய மொழியில் தயார் செய்துகொண்டிருக்கிறான்.

சரி, போகிறவர்களுக்கு. இடைத்தரகுத் தளங்கள் விற்கும் ‘முழுக் காப்பீடு’ பெரும்பாலும் நீங்கள் முதலில் உங்கள் பணத்தைக் கட்டி, பிறகு திரும்பக் கேட்கும் வகை. கடைக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடையின் சொந்தக் காப்பீட்டில் கண்ணாடி, டயர், அடிப்பாகம், கதவுக் கீல், ரிப்பியோ சாலை ஆகியவை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கார் கவிழ்ந்தால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை தனி, மற்றதைவிடப் பல மடங்கு இருக்கும், அதையும் கேளுங்கள். நிறுத்தும்போது காரின் முகத்தைக் காற்றுக்கு எதிராக வையுங்கள். சின்னக் கீறல் என்றாலும் அடுத்த ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு தாள் வாங்கிவிடுங்கள். பட்டறை பில் கையில் வராமல் அட்டையைக் கொடுக்காதீர்கள். சிலிக்குள் போவதாக இருந்தால் எல்லை தாண்டும் அனுமதித் தாளை முன்கூட்டியே கேட்க வேண்டும், கடைசி நேரத்தில் தர மாட்டார்கள்.

பெட்ரோல் கணக்கு, தங்கும் இடம் எல்லாம் எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை, வங்கி கேட்ட ஆவணங்களை இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். இதே மாதிரித் தளத்தில் ஏற்கெனவே பதிவு செய்திருப்பவர்கள் ரத்து செய்யும் கடைசித் தேதி என்ன என்று இப்போதே போய்ப் பாருங்கள்.