தேக்கா நிலையம், சிங்கப்பூர்: சாப்பிட்டதோடு திரும்பிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் பல இனத்தவர் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் முதலில் தேக்காவுக்குத்தான் போகச் சொல்வேன். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, 1982இல் கட்டிய கட்டடம். கீழே ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், இன்னொரு பக்கம் மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தை, மாடியில் துணிக்கடைகள்.

முதலில் மீ கோரெங் வாங்குங்கள். நூடுல்ஸ் சீனர்களுடையது, பெயர் மலாய், வாணலியில் கிளறுகிறவர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம். மிளகாய் விழுதும் தக்காளி சாஸும் போட்டுச் சிவக்கப் பிரட்டி, ஓரத்தில் வெள்ளரித் துண்டு வைத்துத் தருவார்கள். ஆட்டு பிரியாணிக்கு மதியம் வரிசை நீளும், கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். வாத்துச் சோறு விற்கும் சீனக் கடையும் அதே கூரைக்குக் கீழேதான்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே அதற்கான இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து வைக்காவிட்டால் அபராதம்கூட உண்டு. அங்கே ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி அடுக்கு. மேசை மட்டும் எல்லோருக்கும் பொது. யாருடைய வழக்கத்தையும் யாரும் விட்டுக்கொடுக்காமலே பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிகிறது, இந்தச் சின்ன ஏற்பாடு எனக்கு ரொம்பப் பெரிதாகப் படுகிறது.

இப்படிப் பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020இல் தன் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான், ஆனால் சேர்ந்து உட்காருவது வேறு, பேசிக்கொள்வது வேறு. மேசையில் அவரவர் போனும் அவரவர் தட்டுமாகத்தான் இருக்கிறார்கள். பேச்சு நடப்பது சந்தைப் பக்கம். மீன் விற்கும் சீனப் பெரியவர் ஒருவர் "குழம்பா, பொரிக்கவா?" என்று தமிழில் கேட்டார், குழம்பு என்றதும் துண்டைப் பெரிதாக வெட்டினார், வெட்டிக்கொண்டே அடுத்து நின்ற மலாய் அம்மாவிடம் மலாயில் விலை பேசினார். "அங்கிள், தலையைத் தனியா வைங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல், அதற்கும் தலையாட்டினார். சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் பல கடைகளை மூடிவிடுவார்கள்.

ஞாயிறு மாலையிலும் ஒரு தடவை போங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த தம்பிகள் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் இந்தப் பக்கம் வர முடிகிறது. இன நல்லிணக்கம் பற்றிய பேச்சில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் வருவார்கள், இவர்கள் வருவது குறைவு. எதிரில் இடம் காலியாக இருந்தால் உட்கார்ந்து எந்த ஊர் என்று கேளுங்கள், நிறையப் பேசுவார்கள்.