அடைக்கோழியா, பல்பா, சந்தையா? முற்றத்துக் கோழிகளோடு இளசுகளைச் சேர்க்கும் மூன்று வழிகள்

வீட்டில் ஐந்தாறு பெட்டையும் ஒரு சேவலுமாக வளர்ப்பவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வந்துவிடும். பழைய கோழிகளிடம் முட்டை குறைகிறது, அறுக்கவும் மனம் வருவதில்லை, இளசுகள் வேண்டும். குமரி மாவட்டத்தில் இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வீட்டிலேயே கோழியை முட்டைமேல் உட்காரவிட்டு அடை வைப்பது ஒன்று. ஒருநாள் குஞ்சு வாங்கிப் பல்புச் சூட்டில் வளர்ப்பது இன்னொன்று. முட்டையிடும் பருவத்தை நெருங்கிய விடைக்கோழியைச் சந்தையில் வாங்குவது மூன்றாவது. மூன்றையும் ஒப்பிடுபவர்கள் விலையில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு விலை கடைசிக் கேள்வி. முற்றத்தில் ஏற்கெனவே ஆட்சி நடத்தும் கிழட்டுப் பெட்டைகள் புது வரவை என்ன செய்யும், யாரிடமிருந்து யாருக்கு நோய் தாவும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அடை வைப்பதில் இந்த இரண்டு கவலையும் பெருமளவு குறைந்துவிடுகின்றன. நாட்டுக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு முட்டையை வசதியாக மூடிக்கொள்ளும். 21ஆம் நாள் குஞ்சு வரும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஏழாம் நாள் இரவில் கைப்பேசி விளக்கில் பிடித்துப் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் சிலந்தி வலைபோல் நரம்பு ஓடுவது தெரியும். தெளிவாகக் கிடப்பதை எடுத்துவிடலாம். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. வைப்பதால் நட்டமில்லை, ஆனால் கூழானதில் பெரும்பாலானவை வைக்கும்போதே பழைய முட்டைகளாக இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

குஞ்சு இறங்கிய பிறகுதான் தாயின் அருமை தெரியும். கிழட்டுப் பெட்டை ஒன்று தீவனத்தட்டுப் பக்கம் வந்து குஞ்சைக் கொத்தக் குனிந்தால் போதும், தாய் கழுத்து மயிரைச் சிலிர்த்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் வரும். சேவல்கூட விலகி நிற்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தாயே குஞ்சுகளைக் கொத்தி விரட்டும்போது, யாருக்கு வழிவிட வேண்டும், எந்த மூலையில் ஒதுங்க வேண்டும் என்பது அவற்றுக்குப் பழகிப்போயிருக்கும். முற்றத்து மண்ணிலுள்ள ரத்தக்கழிச்சல் என்ற குடல்நோயின் கிருமியும் சிறுகச் சிறுக உடம்பில் ஏறுவதால் எதிர்ப்புச் சக்தியும் கூடவே வளர்கிறது.

குறைகளும் உண்டு. நமக்குத் தேவைப்படும் மாதத்தில் கோழி அடைக்கு உட்காராது. பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகப் போகும். காகம், பருந்து, கீரி மூன்றும் பங்கு கேட்கும். முதல் மூன்று வாரமாவது தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்காமல் தப்பிக்க முடியாது. நாட்டுக்கோழியின் வாரிசும் ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும்.

முட்டைக் கணக்கில் பல்புக் குஞ்சு எளிதாக வெல்லும். கிராமப்பிரியா போன்ற ரகம் நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 160 முட்டையைத் தாண்டும். நல்ல பொரிப்பகமாக இருந்தால் மாரெக் என்ற வாதநோய்க்கான தடுப்பூசியை முதல் நாளே போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் பொரித்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. ஆனால் முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும். இதெல்லாம் மின்சாரத்தை நம்பிய பிழைப்பு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டம் எத்தனை இரவு இருட்டில் கிடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. அந்த ஈரத்தில் குஞ்சுகளுக்குக் கீழே பரப்பிய மரத்தூள் கட்டிபிடித்தால் ரத்தக்கழிச்சல் தேடிக்கொண்டு வரும். பல்பு போட நினைப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குவது நல்லது.

இதைவிடப் பெரிய சிக்கல் எட்டு வாரம் கழித்துத் தொடங்குகிறது. தாயில்லாமல் வளர்ந்த குஞ்சுக்குக் கிழட்டுப் பெட்டையின் முறைப்பு புரியாது. நேராகப் போய்த் தட்டில் வாய் வைத்து மண்டையில் கொத்து வாங்கும். இரண்டு வாரமாவது நடுவில் கம்பிவலை கட்டி, ஒன்றையொன்று பார்க்கவிட்டு, பிறகு ஓர் இரவில் கூட்டுக்குள் ஏற்ற வேண்டும். (தெருவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணை கழித்துவிட்ட சேவல்கள்.)

சந்தை விடைக்கோழி அவசரக்காரர்களின் வழி. பெட்டையா சேவலா என்ற சந்தேகம் இல்லை, சில வாரத்தில் முட்டை கிடைக்கும். ஆனால் பல வீட்டுக் கோழிகள் ஒரே கூடையில் மூச்சுவிட்ட இடத்திலிருந்து அது வருகிறது. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) அறிகுறி வெளியே தெரியாமலே கூடவரலாம். ஒரு மாதம் தனியாக, தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஐந்து சென்ட் வீட்டில் அந்தத் ‘தனி’ எங்கே? கிணற்றடியிலும் மாடிப்படிக்குக் கீழும் வைத்துவிட்டுத் தனிமை என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. தள்ளி ஓர் இடம் இல்லாதவர்கள் இந்த வழியை விட்டுவிடலாம். வாங்கினாலும் ஒற்றைக் கோழியாக வாங்காதீர்கள். மொத்தக் கூட்டத்தின் கொத்தும் அந்த ஒன்றின்மேல் விழும்.

எந்த வழியானாலும் பெரியதும் சிறியதும் ஒரே தட்டில் தின்னும் நாள் வரும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். கூடினால் சிறுநீரகம் கெடும். ஆகவே எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனத்தையே போட்டு, சிப்பித்தூளைத் தனிச் சிரட்டையில் வைத்துவிடுங்கள். வேண்டிய பெட்டை தானே கொத்திக்கொள்ளும். மரச்சீனி (மரவள்ளி) தோலைப் பச்சையாக வீசக் கூடாது, அதில் சயனைடு நஞ்சு இருக்கிறது. மழைக்காலத்தில் பூசணம் பிடித்த புண்ணாக்கு பெரிய கோழிக்கே ஆகாது, குஞ்சை விரைவில் சாய்த்துவிடும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடும் நாளில் எல்லா வயதுக் கோழிக்கும் சேர்த்தே போட வேண்டும். எந்த வயதுக்கு எந்த மருந்து என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

நான் தேர்ந்தெடுப்பது முதல் இரண்டையும் கலந்த வழி. கோழி அடைக்கு உட்கார்ந்து மூன்று வாரம் ஆகும் நாளைக் கணக்கிட்டு, தடுப்பூசி போட்ட ஒருநாள் குஞ்சுகளைச் சொல்லிவைத்து வாங்குங்கள். நன்றாக இருட்டிய பிறகு முட்டைகளை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் தள்ளுங்கள். விடிந்ததும் பக்கத்திலேயே நின்று பாருங்கள்; கொக்கொக்கென்று கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டது, கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். குஞ்சுக்கு மூன்று நாள் ஆகிவிட்டால் இது பெரும்பாலும் பலிக்காது. அதனால் பல்பும் பெட்டியும் அன்று காலை தயாராக இருக்கட்டும்.