ஸ்கேட்டர்கோரிஸ்: இரட்டை எழுத்துப் பிரபலங்களுக்காகவே வாங்கலாம்

ஸ்கேட்டர்கோரிஸ் 1988இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட ஆட்டம். இப்போது ஹாஸ்ப்ரோ வசம் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு நாம் எல்லோரும் ஆடிய 'நேம், பிளேஸ், அனிமல், திங்' ஆட்டத்துக்கு இது அமெரிக்காவில் பிறந்த பெரியப்பா பிள்ளை. ஒரு எழுத்து, சில தலைப்புகள், ஓடும் கடிகாரம் என்று அடிப்படை ஒன்றேதான். அப்படியானால் காசு கொடுத்துப் பெட்டி எதற்கு? ஒரே ஒரு விதிக்காக. ஆள் பெயரிலோ அது போன்ற சிறப்புப் பெயரிலோ எத்தனை சொற்கள் அந்த எழுத்தில் தொடங்குகின்றனவோ அத்தனை புள்ளி. பகடையில் எம் எழுத்து விழுந்து 'மர்லின் மன்றோ' என்று எழுதினால் இரண்டு. இந்த விதியால்தான் இது பொது அறிவு ஆட்டமாக மாறுகிறது.

பெட்டிக்குள் இருப்பவை: 20 முகம் கொண்ட எழுத்துப் பகடை, தலைப்பு அட்டைகள், ஆளுக்கொரு மடிப்பு அட்டை, விடைத்தாள் கட்டு, பென்சில், டைமர். ஒவ்வொரு பட்டியலிலும் 12 தலைப்புகள், ஒரு சுற்றுக்கு 3 நிமிடம், ஓர் ஆட்டத்துக்கு மூன்று சுற்று. இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை ஆடலாம். இரண்டு பேர் ஆடினால் விடைகள் அதிகம் மோதாது, சுவையும் குறைவு. நாலு பேருக்கு மேல் உட்கார்ந்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

பகடையை உருட்டி, டைமரைத் தட்டி, எல்லோரும் எழுதுகிறார்கள். நேரம் முடிந்ததும் ஒவ்வொரு தலைப்பாக எடுத்து, ஆளுக்கு ஒரு விடையாக வாசிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே விடை எழுதியிருந்தால் இருவருக்கும் பூஜ்யம். நம் ஆட்டத்தில் ஒரே விடைக்கு ஐந்து புள்ளியாவது கிடைக்கும், இங்கே அந்த ஆறுதல் கிடையாது. ஒரே சுற்றில் ஒரு விடையை இரண்டு தலைப்புக்கு எழுதவும் கூடாது. விடையில் சந்தேகம் என்றால் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுப்பலாம். கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். சமமாக வந்தால் விடை எழுதியவரின் ஓட்டைக் கழித்துவிட வேண்டும்.

பூஜ்யம் வாங்கும் அந்த விதியும் இரட்டைப் புள்ளி விதியும் சேரும் இடம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். எம் விழுந்து 'புகழ்பெற்ற பெண்கள்' என்ற தலைப்பு வந்தால் மேசையில் இரண்டு மூன்று பேராவது மர்லின் மன்றோ எழுதுவார்கள். அத்தனை பேருக்கும் முட்டை. அதே நேரத்தில் மானிடவியலாளர் மார்கரெட் மீட் பெயரையோ, 1937இல் புலிட்சர் பரிசு பெற்ற மார்கரெட் மிட்செல் பெயரையோ எழுதியவர் தனியாக இரண்டு புள்ளியை அள்ளிக்கொண்டு போவார். தலைப்பு 'எழுத்தாளர்கள்' என்றால் 1911 நோபல் பரிசாளர் மொரீஸ் மேட்டர்லிங்க். பி விழுந்தால் 1903இல் இலக்கிய நோபல் பெற்ற நார்வேக்காரர் பியோர்ன்ஸ்டேர்ன பியோர்ன்சன். எச் என்றால் 1946இல் அதே பரிசைப் பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸே. முதலில் நினைவுக்கு வரும் பெயரைத் தள்ளிவிட்டு இரண்டாவது பெயரைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் இதில் ஜெயிப்பார்.

நேரக் கணக்கைக் கவனியுங்கள். 180 விநாடி, 12 தலைப்பு. ஒன்றுக்கு 15 விநாடிதான். ஆரம்பத்திலேயே இரட்டைப் பெயர் தேடி உட்கார்ந்தால் ஆறு கட்டம் காலியாகக் கிடக்கும். புதிதாக ஆடுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் இரண்டு நிமிடத்தில் கைக்கு வந்த ஒற்றைப் பெயர்களால் எல்லாக் கட்டத்தையும் நிரப்புங்கள். கடைசி நிமிடத்தில் ஆள் பெயர்த் தலைப்புகளுக்கு மட்டும் திரும்பி வந்து, ஒற்றையை அடித்து இரட்டையாக மாற்றுங்கள். விடைத்தாளில் வரிகள் நெருக்கமாக இருக்கும். அடித்து எழுத இடம் வேண்டும் என்பதால் முதல் விடையைச் சின்னதாக, வரியின் இடது ஓரத்தில் எழுதுவது நல்லது.

எழுத்துக்கு எழுத்து விளைச்சல் வேறு. சி, பி, எம், ஆர், எஸ் ஆகியவை வளமான வயல்கள். சார்லி சாப்ளின், கிளாடியா கார்டினாலே. பிரிஜித் பார்தோ, பெர்டோல்ட் பிரெக்ட், பேலா பார்டோக். ராபர்ட் ரெட்ஃபோர்ட், ரைனர் மரியா ரில்கே. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், சில்வெஸ்டர் ஸ்டாலோன் என்று போய்க்கொண்டே இருக்கும். கொலம்பஸ் இன்னும் விசேஷம். ஆங்கிலத்தில் கிறிஸ்டோபர் கொலம்பஸ், இத்தாலியத்தில் கிறிஸ்டோஃபோரோ கொலம்போ, ஸ்பானியத்தில் கிறிஸ்டோபல் கொலோன்; எந்த மொழிப் பெயரை எழுதினாலும் இரண்டு சி. வறண்டவை ஐ, ஓ, ஈ, என். ஓவுக்கு ஓஸி ஆஸ்போர்ன், ஈக்கு எமிலியோ எஸ்டவெஸ், என்னுக்கு நிக் நோல்டி, ஐக்கு இவான் இல்லிச். இந்த நாலு பெயரை மனப்பாடம் செய்து வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

'குடியரசுத் தலைவர்கள்' என்ற தலைப்பு வந்தால் அது அமெரிக்கத் தலைவர்களையே குறிக்கிறது. அவர்களில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குபவர்கள் நாலே பேர்: உட்ரோ வில்சன், கால்வின் கூலிட்ஜ், ஹெர்பர்ட் ஹூவர், ரொனால்ட் ரீகன். கூலிட்ஜும் ஹூவரும் அடுத்தடுத்துப் பதவிக்கு வந்தவர்கள். துணைத் தலைவர்களும் ஏற்கப்படும் தலைப்பு என்றால் எச்சுக்கு ஒரு புதையல் உண்டு: 1965 முதல் 1969 வரை துணைத் தலைவராக இருந்த ஹியூபர்ட் ஹொரேஷியோ ஹம்ஃப்ரி. முழுப் பெயராக எழுதினால் மூன்று புள்ளி. வேறு தலைப்பில் எம்முக்கு நம் ஊர்ப் பதில் மதன் மோகன் மாளவியா. 2015இல் பாரத ரத்னா பெற்றவர், அவருக்கும் மூன்று.

'கற்பனைப் பாத்திரங்கள்' தலைப்புக்கு காமிக்ஸ் படித்தவர்கள் அசைக்க முடியாத எதிரிகள். பீட்டர் பார்க்கர், மேட் மர்டாக், ரீட் ரிச்சர்ட்ஸ், சூசன் ஸ்டார்ம் என்று மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீ காலத்துப் பாத்திரங்களில் பாதிக்கு இரட்டை எழுத்துதான். ஒரு பாதி நினைவிருந்தால் மறு பாதியும் வந்துவிடும் என்பதற்காகவே அப்படி வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எல் விழுந்தால் சூப்பர்மேன் பக்கம் போங்கள்: லோயிஸ் லேன், லானா லாங், லெக்ஸ் லூதர்.

இனி சண்டை வரும் இடங்கள். விதிப்புத்தகம் ஆள் பெயரில் முதல் பெயர், கடைசிப் பெயர் எது அந்த எழுத்தில் தொடங்கினாலும் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் நிறையக் கேள்விகளை விட்டுவைக்கிறது. உருட்டுவதற்கு முன்பே இவற்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேடைப் பெயரா, பிறப்புப் பெயரா? மர்லின் மன்றோ பிறந்தபோது நார்மா ஜீன் மார்ட்டென்சன். டினா டர்னர், அன்னா மே புல்லக். ஹாரி ஹூடினி, எரிக் வைஸ். டோரிஸ் டே, டோரிஸ் கப்பல்ஹாஃப். பிறப்புப் பெயர்தான் செல்லும் என்றால் இத்தனை பேரும் வீணாகிவிடுவார்கள். உலகம் அறிந்த பெயரே செல்லும் என்று வைப்பதே நியாயம். கிரெட்டா கார்போவுக்கு மட்டும் இந்தத் தகராறே இல்லை. அவர் பிறப்புப் பெயர் கிரெட்டா குஸ்தாஃப்சன், எப்படிப் பார்த்தாலும் இரண்டு ஜி.

பட்டம் கணக்கில் சேருமா? ராஜா ராம்மோகன் ராய் என்று எழுதி ஒருவர் மூன்று ஆர் கேட்பார். 'ராஜா' என்பது முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் கொடுத்த பட்டம். பட்டத்துக்குப் புள்ளி இல்லை என்று வைத்தால் ராய்க்கு இரண்டு, ராஜா ரவி வர்மாவுக்கு ஒன்று. இல்லாவிட்டால் சர், செயின்ட், டாக்டர் என்று பட்டியல் எங்கேயோ போய்விடும்.

எழுத்தா, ஒலியா? ஆங்கிலத்தில் ஆடினால் எழுத்துக்கூட்டல்தான் கணக்கு. நடன நடிகை சிட் சரீஸ் பெயரை ச என்று உச்சரித்தாலும் இரண்டும் சி எழுத்து, இரண்டு புள்ளி. ஜார்ஜ் கெர்ஷ்வின் பெயரில் ஒலி வேறு, எழுத்து இரண்டும் ஜி. தமிழில் ஆடினால் கணக்கு தலைகீழ்: சாப்ளின் ச வரிசைக்கும் கொலம்பஸ் க வரிசைக்கும் போய்விடுவார்கள், கெர்ஷ்வினுக்கு இரட்டை கிடையாது. தமிழ் ஆட்டத்துக்குத் தனி எழுத்தைப் பிடிக்காமல் க, கா, கி, கு எல்லாவற்றையும் ஒரே வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்று நிமிடத்தில் நாலு கட்டம்கூட நிரம்பாது.

நம்மவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இனிஷியல். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று வகுக்கும் விதி நம் பெயர்களுக்குப் பொருந்தாது. நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு இதுதான்: பெயர் அந்த எழுத்தில் தொடங்கினால் மட்டுமே புள்ளி, இனிஷியலும் அதே எழுத்தாக இருந்து, எழுதியவர் அதன் விரிவைச் சொன்னால் கூடுதலாக ஒன்று. ஜெ. ஜெயலலிதா என்று எழுதி 'ஜெயராம்' என்று சொன்னால் இரண்டு. கு. காமராஜுக்கு 'குமாரசாமி'. எம்.எஸ். சுப்புலட்சுமியின் எஸ், அவர் தாயார் சண்முகவடிவு. எஸ் விழுந்தால் இரண்டு, எம் விழுந்தால் பூஜ்யம். அந்த எம் மதுரை, ஊர்ப் பெயர். இப்படி வைத்தால் இனிஷியல் வெறும் எழுத்தாக நிற்காமல், தெரிந்திருக்க வேண்டிய செய்தியாக ஆகிறது.

பெட்டியில் குறையும் உண்டு. பகடையில் க்யூ, யூ, வி, எக்ஸ், ஒய், இசட் ஆறும் இல்லை. ஆங்கிலப் பெயர்களுக்கு அது சரி. நமக்கு வி போவது பெரிய இழப்பு. விஸ்வநாதன் ஆனந்தில் தொடங்கி வ வரிசைப் பெயர்கள் ஏராளம். யூவும் வியும் எழுதிய இரண்டு துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, ஐ அல்லது ஓ விழும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அட்டைகளில் அமெரிக்க வாடையும் தூக்கல். 'அமெரிக்க நகரங்கள்', 'தொழில்முறை விளையாட்டு அணிகள்' மாதிரியான தலைப்புகளுக்கு மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி 'இந்திய நகரங்கள்', 'ஐபிஎல் வீரர்கள்', 'முதலமைச்சர்கள்', 'இசைக்கலைஞர்கள்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் ஆள் பெயர்த் தலைப்பு மூன்று இருந்தால் போதும். ஆறு வைத்தால் சின்னப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள்.

விடைத்தாள் கட்டு சீக்கிரம் தீரும். பிரித்தவுடன் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து ஜெராக்ஸ் போட்டு வைத்துவிடுங்கள். பழைய பெட்டி கைக்கு வந்தால் முதலில் டைமரைச் சோதிக்க வேண்டும். பேட்டரி கசிந்து கம்பி பச்சை பூத்திருந்தால் அது ஓடாது, போனில் 3 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். பகடை மட்டும் தொலைந்தால் 20 சீட்டு எழுதிக் குலுக்கினால் போதும், ஆட்டம் ஒன்றும் குறைந்துவிடாது.