'போடப் போட இளகிடும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

முன்பாதம் அகலமானவர்களை ஷூ கடைகளில் ஏமாற்றுவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். சுண்டுவிரல் பக்கம் பிடிக்கிறது என்றதும் அதே மாடலில் ஒரு சைஸ் பெரியதை எடுத்து நீட்டுவார்கள். பிடிப்பு குறைந்தது போலிருக்கும், பணமும் கட்டியாகிவிடும். கேட்டது அகலம், கிடைத்ததோ நீளம்.

பிரிட்டிஷ் அளவில் ஒரு சைஸ் ஏறினால் நீளம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் அதில் சிறு பங்குதான் கூடும். ஷூ மடங்கும் இடம் பெருவிரலின் அடிமூட்டுக்கு நேராக இருக்க வேண்டும். நீளம் கூடியதும் அது முன்னே போய்விடும். கால் ஓரிடத்தில் மடங்க, ஷூ வேறிடத்தில் மடங்கும். அடிக்கு அடி குதிகால் தூக்கிக் கொப்புளம் வரும். இறக்கத்தில் பாதம் முன்னே சரிந்து, நகம் முட்டிக் கறுத்துப்போகும்.

அடுத்தது, "போடப் போட இளகிடும்." உண்மையான தோல் பக்கவாட்டில் கொஞ்சம் இளகும். நீளவாக்கில் இளகாது, விரல் முனையிலும் குதிகாலிலும் உள்ளே விறைப்பான பட்டை வைத்திருக்கிறார்கள். ரெக்சின் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அது இளகும் என்று காத்திருந்தால் கால் ஆணியும் சதைக்குள் வளர்ந்த நகமும்தான் மிச்சம். பெருவிரல் மூட்டு புடைத்தவர்கள் இந்தப் பேச்சை நம்பவே கூடாது.

காலை ஒரு பலகையில் நிற்கவைத்து, பாதத்தில் அழுத்தம் அதிகம் என்று திரையில் சிவப்பு நிறத்தைக் காட்டி, விலை கூடிய இன்சோலை (ஷூவுக்குள் பாதத்தின் கீழ் இருக்கும் மெத்தை) தலையில் கட்டுவதும் நடக்கிறது. நிற்கும்போது குதிகாலிலும் முன்பாதத்திலும் அழுத்தம் கூடுவது எல்லோருக்கும் இயல்பு. தவிர, ஏற்கெனவே இறுக்கமான ஷூவுக்குள் இன்னொரு இன்சோல் போனால் மேல்பக்கம் இன்னும் நெருக்கும்.

இவர்கள் யாரையும் நம்பாமல் நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. ஷூவின் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். குதிகாலை அதன் பின்விளிம்போடு பொருத்தி, முழு எடையும் விழ எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும்; பலருக்கு நீளமான விரல் பெருவிரல் அல்ல, அடுத்த விரல். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். கழற்ற முடியாத இன்சோல் என்றால், நின்றபடி வரைந்த உங்கள் பாதத்தின் காகித வடிவத்தை ஷூ அடியோடு ஒப்பிடலாம். அடிப்பாகம் சற்று அகன்றே இருக்கும் என்பதால் அதுவே குறுகலாகத் தெரிந்தால் உள்ளே நிச்சயம் நெருக்கும்.

அளவு எடுப்பது மாலையில், இரண்டு கால்களுக்கும். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பெரிய காலுக்கு ஏற்ப வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஷூ செய்யும் அச்சு வேறு என்பதால் பழைய சைஸ் எண்ணை அப்படியே சொல்லாதீர்கள். அகல எழுத்து போட்ட ஷூ கேளுங்கள்: அமெரிக்க அளவில் ஆண்களுக்கு 'டி' சாதாரணம், '2ஈ' அகலம், '4ஈ' மிக அகலம். பெண்களுக்கு 'பி' சாதாரணம், 'டி' அகலம்.

வாங்கியபின் வெளியே போடாமல், வீட்டுக்குள் சுத்தமான தரையில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். அடிப்பாகத்தில் மண் ஒட்டிவிட்டால் பல கடைகள் திரும்ப வாங்காது. பில்லும் பெட்டியும் அதுவரை கையிலிருக்கட்டும்.