பத்தாவது முடித்தா, ப்ளஸ் டூ முடித்தா? வெளிநாட்டில் ஒரு பள்ளி வருடம்

என் மகள் பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு ரோட்டரியின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்குப் போய், ஒரு வருடம் அங்கே பள்ளியில் படித்துவிட்டு வந்தாள். அதிலிருந்து நீலகிரியில் எங்கள் ஊரான அருவங்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட யாராவது கேட்டுவிடுகிறார்கள்: “இப்பவே அனுப்பறதா, ப்ளஸ் டூ முடியட்டுமா?” நான் பத்தாவது கட்சி. கோத்தகிரியில் என் நண்பர் தன் மகனை ப்ளஸ் டூ முடித்தபின் பிரேசிலுக்கு அனுப்பினார். அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான்.

செலவில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ரோட்டரியில் தங்க வைக்கும் குடும்பத்துக்குப் பணம் தருவதில்லை, பள்ளிக் கட்டணமும் நம் தலையில் இல்லை. டிக்கெட், இன்சூரன்ஸ், விசா நம்முடையது. ஏ.எஃப்.எஸ். போன்ற வேறு மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் திட்டக் கட்டணம் தனியாக உண்டு. விசாவுக்கு நாங்கள் மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி உட்கார்ந்து சென்னை போக வேண்டியிருந்தது. குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம். முதல் டிசம்பரில் மகள் போனில் சொன்னது: “அப்பா, வெளியேதான் குளிர். வீட்டுக்குள்ள நம்ம வீட்டைவிடச் சூடா இருக்கு.” ஹீட்டர் இல்லாத ஓட்டு வீட்டில் ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி போர்த்திக்கொண்டு அதைக் கேட்டேன். (கொண்டுபோன ஊட்டி வர்க்கிதான் பெட்டியில் பொடிப்பொடியாகிவிட்டதாம். அந்த வீட்டார் அதை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டார்களாம்.)

வயது விஷயம் அப்படியல்ல. அமெரிக்கா என்றால் ப்ளஸ் டூ முடித்தவருக்கு வயது வரம்பு ஒன்றுதான் வழி. அந்த நாட்டின் பரிமாற்ற விசாவான ஜே-1இல் பள்ளி மாணவராகப் போக, திட்டம் தொடங்கும்போது 15 வயது நிறைந்து பதினெட்டரையைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால், பள்ளிப் படிப்பு எல்.கே.ஜி., யு.கே.ஜி. நீங்கலாக 11 வருடத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். ரோட்டரியில் பொதுவான வரம்பு 15 முதல் 19. ஆனாலும் பள்ளி முடித்த பிள்ளையை எடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டுக்காரர்கள் கையில்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: திரும்பி வந்ததும் பிள்ளை எங்கே உட்காரும்?

அங்கே படித்த வருடத்தை ப்ளஸ் ஒன்னாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று நாங்கள் விசாரித்த பள்ளிகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லிவிட்டன. சரி, ஒரு வருடம் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால், வெளிநாட்டு வருடத்தை ப்ளஸ் ஒன்னாகக் காட்டும் இந்தக் குறுக்குவழியை நினைக்கவே கூடாது, மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நல்லவேளை, காலண்டர் பொருந்தி வருகிறது. ஆகஸ்ட் வாக்கில் கிளம்பி, அடுத்த ஜூன், ஜூலையில் திரும்பினால் இங்கே ப்ளஸ் ஒன் அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

நாங்கள் சறுக்கியது சீட்டில். டி.சி. வாங்காமல், “வந்ததும் சேர்த்துக்கறோம்” என்று தலைமையாசிரியர் வாயால் சொன்னதை நம்பிப் போனோம். ஜூன் கடைசியில் மகள் வந்து நின்றபோது அவர் மாற்றலாகியிருந்தார். புதியவர் எங்களை உட்கார வைத்து டீ கொடுத்து, “ஃபர்ஸ்ட் குரூப் நிரம்பிடுச்சு சார், காமர்ஸ் வேணா பாருங்க” என்றார். இரண்டு வாரம் நடந்தேன். யாரோ ஒரு பையன் கோவைக்கு மாறிப் போனதால்தான் இடம் கிடைத்தது. கணக்கு மறந்துபோய், மூன்று மாதம் டியூஷன் வேறு. பழைய தோழிகள் ப்ளஸ் டூ. “காரிடார்ல பார்த்தா அக்கா மாதிரி நடந்துக்கறாங்கப்பா” என்று முதல் வாரம் அழுதாள், அப்புறம் அவளே அதைச் சொல்லிச் சிரித்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் பத்தாவது என்கிறேன்? சீட் தகராறு பள்ளி எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதத்தில் தீரக்கூடியது. ப்ளஸ் டூ முடித்துப் போகும் பிள்ளைக்கு வருகிற இடைஞ்சல் அப்படித் தீராது. அடுத்த மே மாதம் நீட் நடக்கும்போது பிள்ளை அங்கே ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பெற்றோர் இங்கிருந்தே விண்ணப்பம் போட்டுவிடலாம், ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டிய வாரங்களில் பேச்செல்லாம் நடுராத்திரிப் போனில்தான்.

நண்பர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அவர் மகன் பி.ஏ. சேர நினைத்தவன், மார்க் ஷீட் வீட்டில் பத்திரமாக இருந்தது, வந்தான், சேர்ந்தான். வகுப்பைத் திரும்பப் படிக்கும் வேலையும் இல்லை. கலைக் கல்லூரிதான் என்று முடிவாகிவிட்ட பிள்ளைக்கு அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். பதினெட்டு வயதுப் பையன் தனியாகச் சமாளிப்பான் என்பதும் அவர் வாதம். என் மகளுக்குப் போகும்போது பதினைந்தரை. முதல் மாதம் தினமும் போன்.

சின்னவன் இப்போது ஒன்பதாவது. விண்ணப்ப வேலைகள் ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடும் என்பதால் பாஸ்போர்ட்டுக்கு இப்போதே போட்டிருக்கிறோம். சீட் கடிதத்தை இந்த முறை பள்ளி முத்திரையோடு வாங்கிய பிறகுதான் மற்ற வேலை.