சொல்லா, நோக்கமா?

சட்டத்தின் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்வதா, எந்தக் கேட்டைத் தடுக்க அது வந்தது என்று பார்ப்பதா? இங்கிலாந்தின் தலைமை நீதிபதி பார்க்கர் பிரபு 1960இல் இரண்டு வழியிலும் போனார்.

பிரிஸ்டல் கடைக்காரர் ஒருவர் விசைக்கத்தியை (பொத்தானை அழுத்தினால் அலகு வெளியே பாயும் கத்தி) விலைச்சீட்டோடு கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்திருந்தார். அதை விற்க முன்வருவது 1959 சட்டப்படி குற்றம். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தில், காட்சிக்கு வைப்பது வாங்க வரும்படி அழைப்பது மட்டுமே; விற்க முன்வருவது ஆகாது. பார்க்கர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். கடைக்காரர் தப்பினார். 1961இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

தெருவில் பாலியல் தொழிலுக்கு ஆள் அழைப்பதும் குற்றம். பெண்களோ பால்கனியிலிருந்தும், ஜன்னலைத் தட்டியும் அழைத்தார்கள். சரி, அவர்கள் தெருவில் இல்லையே? தெருவில் போகிறவர்கள் தொல்லையின்றி நடக்கத்தான் சட்டம் என்று சொல்லி, பார்க்கர் தண்டனையை உறுதிசெய்தார்.

தண்டனை என்று வரும்போது எனக்கு முதல் வழிதான் நியாயமாகப் படுகிறது. எது குற்றம் என்று படித்தே தெரிந்துகொள்ள முடிய வேண்டும்.